யூ ஜெமினோரம் வெடிப்பு: நாலு எல்லையோர ஊர், நாலு விதமான ஒளிவளைவு. எங்கே பிசகுகிறது?

செங்கோட்டை_8இன்ச் கேட்டது:

வணக்கம். மிதுனத்தில் இருக்கும் யூ ஜெமினோரத்தை (இனி யூ ஜெம்; வெண்குறுமீனும் சிவப்புக் குறுமீனும் ஒன்றையொன்று சுற்றும் குறுநோவா, வெண்குறுமீனைச் சுற்றிய வாயு வட்டு அவ்வப்போது திடீரென்று பொலிவதே வெடிப்பு, துணை அந்த வட்டை மறைப்பதே கிரகணம்) மார்கழிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நாலு ஊரிலிருந்து பார்க்கிறோம். கருவிகள் இவை.

செங்கோட்டை: 8 அங்குல நியூட்டோனியன், மோனோ சிமாஸ் (கறுப்பு வெள்ளை) கேமரா, வி ஃபில்டர் (பச்சை மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது), 60 வினாடி.
திருத்தணி: 6 அங்குலம், மோனோ சிமாஸ், ஃபில்டர் கிடையாது, 60 வினாடி.
கொழிஞ்சாம்பாறை: 80 மிமீ ரிஃப்ராக்டர், டிஎஸ்எல்ஆர், பச்சை சேனல், 30 வினாடி.
கம்பம்: 10 அங்குல டாப்சோனியன், கண் மதிப்பீடு மட்டும்.

போன பருவத்துப் பதிவுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் மூன்று கேமராவும் மூன்று பக்கம் இழுக்கின்றன. ஜனவரி நடுவில் திருத்தணியின் கிரகண நேரம் என்னுடையதைவிட 9 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாகப் பிந்தி வருகிறது. மார்ச் நடுவில் அதே வித்தியாசம் ஐந்தரை நிமிடமாகக் குறைந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை என்னைவிட முந்தி வருகிறது: முதலில் 15 வினாடி, பருவக் கடைசியில் ஒரு நிமிடத்துக்கும் மேல். மேக்னிட்யூட்டிலும் (பொலிவு எண்; எண் கூடினால் மங்கல்) இதே கதைதான். விண்மீன் அடங்கிக் கிடக்கும்போது திருத்தணி 0.2 பொலிவாகக் காட்டுகிறது, வெடிப்பு உச்சத்தில் 0.1 மங்கலாகக் காட்டுகிறது.

ஒரு மாறிலியைக் கூட்டிக் கழித்து எல்லாவற்றையும் ஒட்டவைப்பது சரியா? வெடிப்பு தொடங்கியதும் யார் எதைச் செய்வது என்று வேலையை எப்படிப் பிரிப்பது? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

குப்பம்_பாறைமேடு எழுதியது:

ஒட்டவைக்க வேண்டாம். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே நோயைச் சொல்லிவிடுகின்றன. முதலில் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

யூ ஜெம் சூரியப் பாதையிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத்தான் விலகி இருக்கிறது. ஜனவரி 17 வாக்கில் பூமி சூரியனுக்கும் அதற்கும் நடுவே வரும். அப்போது அதன் ஒளி சூரியனை எட்டுவதற்கு 8 நிமிடம் 10 வினாடி முன்பே நம்மை எட்டிவிடுகிறது. சூரிய மைய ஜூலியன் நாளில் (தொடர்ந்து எண்ணிப்போகும் நாள் எண், ஒளி சூரியனை எட்டும் நேரத்துக்குத் திருத்தியது) எழுதினால் அந்த 8 நிமிடத்தைக் கூட்டி எழுதுகிறோம். ஏப்ரல் நடுவில் இந்தத் திருத்தம் சுழியாகிவிடும். ஆகவே திருத்தணிக் கோப்பு சூரிய மைய நேரத்தில் இருக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் 9 நிமிடத்துக்கு மேல் என்கிறீர்கள். மிச்சம் ஒரு நிமிடச் சொச்சம் எங்கிருந்து வந்தது? அது 69 வினாடி. படங்களை அளக்கும் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருள் தரும் அட்டவணையில் ஜேடி யூடிசி (திருத்தாதது), எச்ஜேடி யூடிசி (சூரிய மையம்), பிஜேடி டிடிபி என்று பத்திகள் அடுத்தடுத்து இருக்கும். கடைசிப் பத்தி சூரியக் குடும்ப நிறைமையத்துக்குத் திருத்தியது. போதாததற்கு லீப் நொடிகள் இல்லாத நேர அளவில் இருப்பதால் இன்னும் 69 வினாடி கூடி நிற்கும். திருத்தணி நண்பர் அந்தப் பத்தியை எடுத்திருக்கிறார். மார்ச் நடுவில் திருத்தம் 4.3 நிமிடம், அதோடு 69 வினாடி சேர்ந்தால் உங்கள் ஐந்தரை நிமிடம் வந்துவிடுகிறது. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இதைக் கவனிக்காமல் இரண்டு கோப்பையும் கலந்திருந்தால் கிரகணக் காலம் மாறுகிறது என்றே முடிவு கட்டியிருப்பீர்கள். நாலுபேர் பதிவு என்னும்போது எல்லோரும் திருத்தாத ஜேடி யூடிசியிலேயே ஏற்றுங்கள். திருத்தம் ஆய்வு செய்பவர் கையில் ஒரே தடவை நடக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறையில் இரண்டு கோளாறு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கோப்பில் பதிவாவது ஷட்டர் திறந்த நேரம். 30 வினாடிப் படத்துக்கு நடுப்புள்ளி 15 வினாடி தள்ளி வரும். முதல் வாரத்து 15 வினாடி அதுதான். பிறகு வளர்ந்துகொண்டே போனது கேமராவின் உள் கடிகாரம் பின்தங்குவதால். அதை யாரும் தானாகத் திருத்துவதில்லை. ஒவ்வொரு இரவும் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று, நேரம் ஒத்திசைத்த ஃபோன் திரையில் நொடி ஓடுவதை அதே கேமராவால் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் திருத்திக்கொள்ளலாம். லேப்டாப் வழியாகப் படமெடுக்கிறவர்கள் கணினி நேரத்தை என்டிபி (இணையவழி நேர ஒத்திசைவு) மூலம் ஒத்திசைக்க வேண்டும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் இருக்கிறது. விண்டோஸ் தன்போக்கில் எப்போதாவது ஒத்திசைப்பதை நம்பி இரவு முழுக்க விடாதீர்கள். இந்த விண்மீனுக்கு ஒரு நொடித் துல்லியம் தாராளம்.

இனி எந்த இரண்டு கோப்பு ஒத்துவராவிட்டாலும் வித்தியாசத்தின் அளவை முதலில் பாருங்கள். எக்ஸ்போஷரில் பாதி என்றால் தொடக்க நேரத்துக்கும் நடு நேரத்துக்கும் குழப்பம். மெல்ல வளர்ந்தால் கடிகாரம். ஐந்தரை மணி என்றால் இந்திய நேரத்தை யூடி (உலகப் பொது நேரம்) என்று எழுதிவிட்டார்கள். சரியாக ஒரு நாள் என்றால் நள்ளிரவு தாண்டியதும் தேதியை மாற்றிவிட்டார்கள். நமக்கு யூடி தேதி மாறுவது அதிகாலை 5:30-க்கு, ஜூலியன் நாள் மாறுவது மாலை 5:30-க்கு. தை மாத இரவு மொத்தமும் ஒரே யூடி தேதியில், ஒரே ஜூலியன் நாளில் அடங்கிவிடும். 2026 ஜனவரி 17 இரவு 9:30 என்றால் 16:00 யூடி, ஜேடி 2461058.1667. கிளம்புமுன் இந்த ஒரு கணக்கை நாலு பேரும் தனித்தனியாகப் போட்டு ஒரே விடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி_கணவாய்க்காற்று எழுதியது:

நேரத்தைக் குப்பத்துக்காரர் முடிச்சுட்டாருங்க. நான் பொலிவுக்கு வர்றேன்.

திருத்தணிப் படங்களில் வித்தியாசத்தின் கூட்டல் கழித்தல் குறி மாறுவதைப் பாருங்க. அடங்கியிருக்கும்போது பொலிவு, வெடிப்பில் மங்கல். ஒரு மாறிலியால் இது தீராது. யூ ஜெம்மில் வெண்குறுமீனுக்குத் துணையாக இருப்பது எம் வகைச் சிவப்புக் குறுமீன். வட்டு மங்கிக் கிடக்கும்போது அந்தச் சிவப்பு ஒளி ஃபில்டர் இல்லாத சென்சாரில் தாராளமா விழும், வி ஃபில்டர் அதைத் தடுத்துடும். அதனால் ஃபில்டர் இல்லாதவருக்குக் கூடுதல் வெளிச்சம். வெடிப்பு வந்தால் சூடான வட்டு நீலமா எரியும். கம்ப் ஸ்டார்கள் (பொலிவை ஒப்பிட வெச்சிருக்கும் மாறாத விண்மீன்கள்) அதைவிடச் சிவப்பு. இப்போ ஃபில்டர் இல்லாத சென்சார் கம்ப் ஸ்டாருக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கும், யூ ஜெம் மங்கலாத் தெரியும். வெடிப்பு ஏறி இறங்கும் வழியெல்லாம் நிறம் மாறிட்டே இருப்பதால் வித்தியாசமும் மாறிட்டே இருக்கும்.

ஆகவே திருத்தணியை நேரம் அளக்க மட்டும் வெச்சுக்கோங்க. ஒரே இரவுக்குள் வளைவின் வடிவம், கிரகணத்தின் அடி நேரம் இதுக்கெல்லாம் அது அருமையான கருவி. ஏஏவிஎஸ்ஓவில் (மாறும் விண்மீன் பார்வையாளர்களின் அமெரிக்கச் சங்கம்) ஏற்றும்போது ஃபில்டர் இடத்தில் சிவி என்று போடணும், வி என்று போடவே கூடாது. கொழிஞ்சாம்பாறைப் பச்சை சேனல் டிஜி. வண்ணத்திருத்தம் செய்த பிறகுதான் அது வி ஆகும்.

கம்ப் ஸ்டார் விஷயத்தில் ஆளுக்கொரு விருப்பம் இருக்கக் கூடாதுங்க. ஏஏவிஎஸ்ஓ சார்ட் தளத்தில் ஒரே ஒரு சார்ட் எடுத்து, அதன் அடையாள எண்ணை எல்லோர் கோப்பிலும் எழுதுங்க. சார்ட்டில் 126 என்றால் 12.6. புள்ளி போட்டால் விண்மீன் என்று நினைச்சுடுவாங்கன்னு விட்டிருக்காங்க. சார்ட்டோடு வரும் அட்டவணையில் நிறக் குறியீடும் (பி-வி, கூடினால் சிவப்பு) இருக்கும். 0.3 முதல் 0.7 வரை உள்ளதைத் தேர்ந்தெடுங்க, ரொம்பச் சிவப்பானதை ஒதுக்குங்க.

ஒரு கம்ப் போதாது, ரெண்டு தொகுதி வேணும். யூ ஜெம் அடங்கியிருக்கும்போது 14-ஐவிட மங்கல், உச்சத்தில் 9 பக்கம். அஞ்சு மேக்னிட்யூட் என்றால் ஒளி 100 மடங்கு. 60 வினாடிப் படத்தில் வெடிப்பு வந்தால் நடு பிக்ஸல் முட்டி நிற்கும், அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. அப்படியென்று எக்ஸ்போஷரை அரை வினாடிக்கு இறக்கினால் காற்றின் மினுக்கு அளவையே தின்னுடும். 10 வினாடிக்குக் கீழே போகாதீங்க. கெய்னைக் குறையுங்க, ஃபோகஸைக் கொஞ்சம் விலக்குங்க, விண்மீன் நாலஞ்சு பிக்ஸலிலிருந்து எட்டுப் பத்துப் பிக்ஸலுக்குப் பரவட்டும். 16 பிட் அளவில் உச்ச மதிப்பு 40,000 ஏடியூவுக்குள் (கேமரா தரும் பிக்ஸல் அளவு) நிற்கணும். அடங்கிய காலத்துக்கு 13, 14 கம்ப், வெடிப்புக்கு 10 முதல் 11.5 வரை உள்ளவை. ஏறும்போதோ இறங்கும்போதோ ஒரு இரவு ரெண்டு தொகுதியாலும் அளந்துடுங்க. இல்லாட்டி வளைவில் கம்ப் மாறின இடத்தில் ஒரு படி தெரியும், அதை விண்மீனின் குணம் என்று யாராவது எழுதிடுவாங்க.

இன்னொன்று, நெருக்கத்தால் வரும் தொல்லை. உங்க நாலு ஊரும் கிழக்கு மேற்கில் மூணு பாகைக்குள் இருக்கு, நேரத்தில் 11 நிமிடம்தான். அதனால் ஜெர்மன் மவுண்ட் வெச்சிருக்கிற எல்லோருக்கும் உச்சி தாண்டும் திருப்பல் (விண்மீன் உச்சி தாண்டும்போது குழாயை மறுபக்கம் மாற்றுவது) ஒரே சமயம் வரும். ஜனவரி நடுவில் நள்ளிரவு 12:30 சுமார். எல்லோரும் சேர்ந்து திருப்பினால் வளைவில் எல்லோருக்கும் அதே இடத்தில் ஓட்டை விழும். மவுண்ட் அனுமதிக்கும் அளவுக்குள் ஒருத்தர் 20 நிமிடம் முந்தி, ஒருத்தர் 20 நிமிடம் பிந்தித் திருப்புங்க. திருப்பின பிறகு விண்மீன்கள் சென்சாரில் எதிர்ப்பக்கம் போயிடும். ஃப்ளாட் (சென்சாரின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் சீரொளிப் படம்) சரியில்லாட்டி அங்கே 0.02 குதிக்கும், மற்றவர் பதிவு இருந்தால்தான் அந்தக் குதிப்பு யாருடையது என்று தெரியும்.

பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி தை மாசியில் கிழக்குக் காற்று இரவெல்லாம் வீசும். கொழிஞ்சாம்பாறையில் குழாயைக் காற்று மறைவில் வைக்காமல் 30 வினாடி எடுத்தால் விண்மீன் நீண்டுதான் விழும். 10 வினாடியாக மூணு படம் எடுத்துச் சேர்க்கச் சொல்லுங்க.

கம்பம்_டாப் எழுதியது:

நாலாவது ஆள் நான்தான். கண்ணால் பார்க்கிறவர் இந்த வேலையில் ஒப்புக்கு இருக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெடிப்பைக் கண்டுபிடிப்பது வேறு, அளப்பது வேறு. கண்டுபிடிப்பில் 10 அங்குலமும் பழகின கண்ணும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லும். மெட்ராஸ் வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி ஒளி மாறுவதை 1867-ல் கண்டது எந்தக் கேமராவாலும் அல்ல. யூ ஜெம்மை ஜான் ரசல் ஹிண்ட் 1855-ல் கண்டதும் அப்படித்தான்.

கண் மதிப்பீட்டில் தவறாமல் செய்ய வேண்டியவை: கொஞ்சம் பொலிவான கம்ப் ஒன்று, கொஞ்சம் மங்கலானது ஒன்று, இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று ஒரு தசம இடத்துக்குச் சொல்வது. மதிப்பீட்டை எழுதி முடிக்கும்வரை குழுவில் வந்த செய்தியைத் திறக்கக் கூடாது. 9.4 என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணுக்கும் 9.4 என்றுதான் தெரியும். தெரியவில்லை என்றால் தெரிந்த கடைசி கம்ப் எதுவோ அதைவிட மங்கல் என்று எழுதி ஏற்றுங்கள். அதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஹப்பிள் தொலைநோக்கியை ஒரு குறுநோவா பக்கம் திருப்புவதற்கு முன் அது வெடிப்பில் இல்லை என்று உறுதி செய்ய ஏஏவிஎஸ்ஓ பார்வையாளர்களைக் கேட்கிறார்கள். அதன் புற ஊதாக் கருவியின் உணரி அவ்வளவு ஒளியைத் தாங்காது. அந்த நேரத்தில் வேண்டியது 'வெடிக்கவில்லை' என்ற பதிவுதான்.

குப்பம்_பாறைமேடு எழுதியது:

கம்பத்தார் சொல்வதற்கு இன்னொரு சாட்சி எஸ்எஸ் சிக்னி என்ற குறுநோவா. வெடிப்பின்போது மட்டும் அது ரேடியோவில் தெரியும். ஏஏவிஎஸ்ஓ பார்வையாளர்கள் வெடிப்பு என்று சொன்னதும் ரேடியோ தொலைநோக்கிகளைத் திருப்பி அதன் தொலைவை அளந்தார்கள். 2013-ல் வந்த விடை 114 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). அதற்கு முன் ஹப்பிள் அளவு 159 பார்செக் அருகே சொல்லிக்கொண்டிருந்தது, அது குறுநோவாக் கொள்கைக்கே பொருந்தாமல் இருந்தது. ஆனால் நம் பக்கத்துக்கு எஸ்எஸ் சிக்னி தோதான விண்மீன் அல்ல. ஆகஸ்டில் நள்ளிரவு உச்சிக்கு வரும், அப்போது உங்கள் செங்கோட்டையில் குற்றாலச் சாரல். மாலையில் வரும் காலம் வடகிழக்குப் பருவமழை. யூ ஜெம் நம் வறண்ட மாதங்களில் தலைக்கு மேலேயே போகிறது.

வேலைப் பிரிவுக்கு வருகிறேன். உங்கள் நாலு ஊரையும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே இருக்கும் ஒரே புள்ளியாகத்தான் கருத வேண்டும். உங்களால் நேரத்தை நீட்ட முடியாது. மேகத்தை ஏமாற்றத்தான் முடியும். ஆகவே நாலு பேரும் நாலு விண்மீனுக்குப் போகாமல், இரவுக்கு ஒரு முதன்மை, ஒரு துணை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை ஊரில் மேகம் என்றால் மாலை 7-க்குள் சொல்லிவிட வேண்டும்.

அடங்கிய காலத்தில் இரவு 8:30-க்கும் விடியற்காலை 4-க்கும் பத்து நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு படம் போதும். இரண்டு படத்திலும் 13.5-ஐவிடப் பொலிவு என்றால்தான் எச்சரிக்கை. ஒற்றைப் படத்தை நம்பி ஊரைக் கூட்டாதீர்கள். கிரகணத்துக்கு முன் வரும் இயல்பான மேடு ஒன்று இருக்கிறது, அது ஏமாற்றும். சூரியப் பாதை அருகே இருப்பதால் சிறுகோள்களும் இந்த வட்டாரத்தில் நடமாடும். பத்து நிமிடத்தில் நகர்ந்ததா என்று பாருங்கள், சிறுகோள் மையத்தின் சோதனைப் பக்கத்திலும் ஒரு தடவை தேடுங்கள். செய்தி ஒரே வரியில் போகட்டும்: விண்மீன், யூடி, மேக்னிட்யூட், பிழை, ஃபில்டர், கம்ப், எத்தனை படம்.

உறுதியானதும் உச்சியிலிருந்து இருபுறமும் நாலு மணி நேரம் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் கிடைக்கும். ஜனவரி நடுவில் அது 8:20 முதல் 4:35 வரை. சுற்றுக்காலம் 4 மணி 15 நிமிடம். ஆக இரவுக்கு ஒரு கிரகணம் நிச்சயம், பெரும்பாலும் இரண்டு. 17 சுற்று 3 நாளும் 11 நிமிடமும். மூன்று இரவுக்கு ஒரு முறை கிரகணம் ஏறக்குறைய அதே மணிக்கு வரும் என்று முறைப்பட்டியலை அதற்கேற்ப எழுதலாம். இந்த விண்மீனில் மறைவது வட்டின் ஒரு பகுதியும் வட்டில் வாயு மோதும் சூடான இடமும்தான், வெண்குறுமீன் மறைவதில்லை. வெடிப்பில் வட்டு விரிந்து எரிவதால் கிரகணத்தின் ஆழமும் வடிவமும் மாறும். அந்த மாற்றத்தைச் சுற்றுக்குச் சுற்று பிடிப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

செங்கோட்டை_8இன்ச் எழுதியது:

திருத்தணிக் கோப்பைத் திறந்து பார்த்தோம், பிஜேடி டிடிபி பத்திதான். இரண்டு சந்தேகம் மிச்சம். ஏற்றும்போது ஒவ்வொரு படமாக ஏற்றவா, சராசரி எடுத்து ஏற்றவா? தைப்பூசத்தை ஒட்டி நிலவு பக்கத்தில் வந்தால் நிறுத்திவிடலாமா?

பொள்ளாச்சி_கணவாய்க்காற்று எழுதியது:

தொடர் பதிவு என்றால் ஒவ்வொரு படத்தையும் ஏற்றுங்க. பிழை 0.05-க்கு மேல் போனால் மட்டும் ரெண்டு மூணு படத்தைச் சேருங்க, அப்பவும் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் கிரகணத்தின் இறக்கம் மழுங்கிடும். செக் ஸ்டார் (சரிபார்க்க வெச்சிருக்கும் இன்னொரு மாறாத விண்மீன்) அளவையும் ஒவ்வொரு வரியிலும் விடாதீங்க. இரவு முழுக்க செக் ஸ்டார் 0.02-க்குள் நேராக ஓடினால்தான் மத்ததை நம்பலாம். போகிப் புகை, மெல்லிய மேகம் எல்லாம் முதலில் அதில்தான் தெரியும்.

தைப்பூச முழுநிலவு யூ ஜெம்முக்குப் பக்கத்திலேதான் நிற்கும், எத்தனை பாகை என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். 14 மேக்னிட்யூட்டில் அளப்பது அந்த ரெண்டு மூணு இரவு வீண். ஆனால் வெடிப்பில் இருந்தால் நிறுத்தாதீங்க, 9, 10 மேக்னிட்யூட் நிலவொளியிலும் வரும். குழாய் வாயில் நீளமான மறைப்பு வேணும், நிலவொளி நேராகக் கண்ணாடியில் படக் கூடாது. பின்னணி ஒரு பக்கமாச் சாய்வதால் வானத்தை அளக்கும் வளையத்தை விண்மீனை ஒட்டிச் சின்னதா வைங்க. அந்த இரவுகளில் கம்பத்து அண்ணன் தினம் ஒரு மதிப்பீடு கொடுத்தால் போதும், வெடிப்பு தொடங்குவது தவறிப் போகாது.

கம்பம்_டாப் எழுதியது:

கொடுக்கிறேன். நிலவு 10 பாகைக்குள் வந்தால் 12-ஐவிட மங்கலானது எனக்குத் தெரியாது. அந்த இரவுகளில் '12.0-ஐவிட மங்கல்' என்ற வரி வரும். அதை வெடிப்பு இல்லை என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்றம் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.